திமிங்கிலத்துக்கு எதிர்ப்பக்கம்

படகில் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும் அலுவலகத்தில் நினைத்துக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் அவர் படித்துறையில் கால் வைத்ததுமே, எதிர்க்கட்சி வந்தாச்சு, கயிற்றை அவிழ்க்கலாம் என்று கேப்டன் குரல் கொடுப்பார். யாரோ அரசியல்வாதி ஏறுகிறார் போல என்று பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏறுகிறவர் வெளுத்த நீலச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, பின்னால் நிற்பவருக்கு எதையும் மறைக்காத உயரத்தில் இருப்பார்.

வேலையால் வந்த பெயர் அது. குளிர்கடலில் இருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போடவும் ஜோடி சேரவும் இந்த வெதுவெதுப்பான குடாவுக்கு வருகிற மாதங்களில், விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு படகு போகும். மைக் பிடிக்கிற பெண் "இடது பக்கம்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மொத்த ஜனமும் இடது பக்கம் போய் விழும். படகு லேசாகச் சாயும். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் வலது பக்கம் போக வேண்டும். காலியான அந்தப் பக்கத்தில் தூங்குகிற குழந்தை இருக்கலாம். வயிற்றைப் பிரட்டிக் கம்பியோடு கம்பியாகச் சாய்ந்து கிடப்பவர் இருக்கலாம். பெரியவர்கள் ஓடின வேகத்தில் மறந்துவிட்ட பிள்ளை பெஞ்சின்மேல் ஏறி நிற்கலாம். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெரிசலில் இருந்து நாலு பேரையாவது இந்தப் பக்கம் இழுத்துப் படகை நிமிர்த்தவும் வேண்டும். இங்கே வாங்க, அடுத்தது இந்தப் பக்கம்தான் எழும்பும் என்று அவர் கூவிக் கூவிக் கூப்பிடுவார். ஒருவரும் அசைய மாட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் கொடுக்கிற வாக்குறுதியை யார் நம்புவார்கள் என்று மைக் பெண் ஒருநாள் கேட்டு வைத்தாள். அதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

சேர்ந்த புதிதில், எல்லாரும் ஒரு பக்கம் குவிந்திருந்தபோது, கம்பிக்கு அடியில் நழுவின ஒரு சின்னப் பெண்ணை லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பிடித்து அவர் இழுத்துப் போட்டிருக்கிறார். திமிங்கிலம் முங்கின பிறகுதான் பெற்றவர்கள் திரும்பினார்கள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நடந்தது அவர்களுக்குத் தெரியாது, இவரும் சொல்லவில்லை. பார்த்துவிட்ட கேப்டன் அன்றோடு அந்தப் பக்கத்தை இவருக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆகவே பக்கத்தில் வந்த திமிங்கிலத்தை அவர் பார்த்ததில்லை. தூரத்தில் புகை மாதிரி எழும்புகிற மூச்சை எல்லாரையும் போல அவரும் பார்த்திருக்கிறார். படகுக்கு அருகில் வந்தது எதுவானாலும் அது அவருக்கு முதுகுகள்தான். நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தண்ணீரைக் கண்டால் பயந்து பின்னாலேயே நடக்கிற ரகம். படகு எவ்வளவு சாய்ந்தால் கவிழும், கவிழ்ந்தால் என்ன செய்வது என்று நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும்போதுதான் அந்த முதுகுகளைப் பற்றியும் சொன்னார். திமிங்கிலம் மூச்சு விட்டால் தோள்கள் ஒன்றுபோல ஏறுமாம். முதுகை மட்டும் காட்டினால் கழுத்துகள் நீளும். முழு உடம்போடு தண்ணீரை உதறிக்கொண்டு எழும்பினால் குதிகால்கள் தரையை விட்டுக் கிளம்பும். வாலை நிமிர்த்தி உள்ளே போகும்போது அத்தனை குதிகால்களும் மெதுவாக, யாரோ கயிற்றைத் தளர்த்திவிட்டதுபோல இறங்கும். வீட்டுக்கு வந்து, இன்று நல்ல திமிங்கிலம், ஊன்றுகோல் வைத்திருந்தவர்கூடக் குதிகாலைத் தூக்கிவிட்டார் என்பார்.

அவர் பக்கத்துக் கடலில் ஒன்றும் நடக்காது. அதுவும் பார்க்க வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. இன்ஜினை அணைத்திருப்பார்கள். மத்தியான வெயில் தண்ணீரில் விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே கிடக்கும். முதுகுக்குப் பின்னால் கேமராக்கள் கொறிக்கிற சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் கேட்கும். கையில் யாரோ திணித்துவிட்டுப் போன குழந்தை தூங்கும். குழந்தைகள் மட்டுமா, கைப்பை, பாதி உருகின ஐஸ்கிரீம், ஒரு தடவை கைக்குட்டையில் சுற்றின பல்செட்டு எல்லாம் அந்தக் கைக்கு வந்திருக்கின்றன. எதை யார் கொடுத்தார்கள் என்பதை அவர் குழப்பிக்கொண்டதே இல்லை.

கல்யாணம்கூட அந்த வழியில்தான் வந்தது. படகில் விட்டுப்போன சாமான்களைச் சாயங்காலம் விடுதி விடுதியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். குன்றின்மேல் இருக்கிற பெரிய விடுதியில், சலவை அறையின் பின்கதவுக்குத்தான் அவரை அனுப்புவார்கள். அங்கே படுக்கை விரிப்புகள் கூரையில் இருந்து தரை வரை தொங்கும். உருளை இஸ்திரியின் ஆவி அறை முழுக்க நிற்கும். அந்த வெள்ளைக்குள் இருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஒற்றைச் செருப்பையோ தொப்பியையோ வாங்கிக்கொள்ளும். கையைப் பார்த்தே பல வாரம் ஓடியது. ஒருநாள் கையோடு குரலும் வந்தது.

"உங்க படகுல போனா ஆளுங்க மட்டும்தான் திரும்பி வருவாங்க போல இருக்கே."

மறுநாள் யாரும் எதையும் விட்டுப்போகாத நாள். இவர் தன் குடையையே கொண்டுபோய் நீட்டினார். அந்தக் கைக்குச் சொந்தக்காரியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அது யாருடைய குடை என்று அக்கா கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. சிரிப்பு அடங்க அதற்கு மேலும் ஆனது. இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. அவருக்கு இது முதல் கல்யாணம். அக்காவுக்கு இரண்டாவது. முதல் கணவர் கெட்டவர் இல்லையாம். எப்போதும் வேறெங்காவது இருப்பவராம், வீட்டுக்குள் இருக்கும்போதும். திமிங்கிலங்கள் திரும்பிப் போய்விட்ட ஓய்வு மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் இருவரும் நீங்க, வாங்கதான்.

திமிங்கிலப் பருவம் தொடங்கியதும் சிக்கல் வந்தது. அவர் விடியலில் கிளம்புவார். படகு கரைக்கு வரும்போது அக்கா இரவு விரிப்புகளுக்காக விடுதிக்கு ஏறிக்கொண்டிருப்பாள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். அடுப்பில் அவர் வைத்த சோறு அக்காவுக்கு, அக்கா வைத்தது அவருக்கு. இதற்கு நடுவில் அக்கா வேலையில் கெட்டிக்காரி என்பது எங்கெங்கோ எட்டிவிட்டது. கடலே இல்லாத உள்நாட்டுப் பெரிய நகரம் ஒன்றில், ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுக்கிற பெரிய ஆலையில் மேற்பார்வை வேலை, தங்க ஒரு அறை, வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா உடனே வருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என் அறைக்கு விரிப்பு மாற்ற வந்தபோது தலையணை உறையை உதறியபடியே சொன்னாள். படகுக்காரர்கள் வேலையாட்களின் குடும்பத்துக்கு ஒரு பயணம் சும்மா கொடுப்பார்களாம். ஆள் இல்லாததால் அவர் அதை உபயோகித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பயணிகளாகவே போகப் போகிறார்கள், நானும் கூட வர வேண்டும்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கேன். என் பக்கத்துல நின்னு அவரும் பாக்கணும். அதைக்கூடச் செய்ய முடியலைன்னா, இங்க தனியா இருக்கறதுக்கு அங்க தனியா இருந்துட்டுப் போறேன்."

அவரிடமும் இதையே சொல்லிவிட்டாளாம். அவர் சரி என்றாராம். கோபம் இல்லை, அழுகை இல்லை. துணியில் கறை போகுமா போகாதா என்று பார்க்கிறவள் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கடல் பால் ஆறின மாதிரி ஆடை கட்டிக் கிடந்தது. நான் ஏறினதும் லைஃப் ஜாக்கெட் பட்டைகளைச் சரிபார்த்தேன், பிறகு மறுபடியும் சரிபார்த்தேன். அவர் அன்றைக்குப் பூப்போட்ட சட்டையில் இருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டி, பிறகு முன்னால் கட்டினார். கேப்டன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். ஆளுங்கட்சியில் சேர்ந்துட்டீங்களா அண்ணே என்று மைக் பெண் கேட்டாள். எதிர்ப்பக்கத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளச் சீட்டுக் கிழிக்கிறவரை நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீங்க ராஜா மாதிரி நில்லுங்க என்று அவரும் தைரியம் சொன்னார்.

இடது பக்கக் கம்பியோரமாக அக்கா இடம் பிடித்தாள். கைப்பையை ஒரு பக்கம் வைத்து, முழங்கையால் இன்னொரு பக்கம் அடைத்து, நடுவில் அவரை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தார்கள். அலை மெல்லப் படகைத் தாலாட்டியது. பேச்சு ஒவ்வொன்றாக அணைந்தது. வெயிலும் உப்பும் இமைகளை இழுத்தன. எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ நின்றபடியே கனவு கண்டுகொண்டிருந்தார்.

"இடது பக்கம்" என்றாள் மைக் பெண்.

கூட்டம் வந்து விழுந்தது. அந்தக் கூட்டத்துக்கு எதிராக, ஆற்றில் மேல்நோக்கிப் போகிற மீனைப் போல ஒரு பூப்போட்ட சட்டை நழுவிப் போனதை நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. கண்ணைத் தண்ணீரில் வைத்தபடியே பக்கத்துக் கையை இறுக்கிப் பிடித்து, "வந்துடுச்சுங்க" என்றாள். "ஆமாங்க" என்றார் அந்தக் கைக்காரர், மரியாதையாக. முன்பின் தெரியாத ஒருவர். அக்கா திரும்பினாள். அவள் திரும்பியிருந்த அந்த நேரத்தில்தான் பின்னால் தண்ணீர் பிளந்து, எல்லாருடைய குதிகால்களும் தரையை விட்டு எழுந்தன.

வலது பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அதற்குள் யாரோ கொடுத்துவிட்டுப் போன குழந்தை தோளில் இருந்தது. நான்தான் இருக்கேனே அண்ணே, நீங்க எதுக்கு வந்தீங்க என்று சீட்டுக் கிழிக்கிறவர் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் தன் கால்களையே, வேறு யாருடையதோ தவறாக மாட்டிக்கொண்டு வந்ததுபோலப் பார்த்தார்.

அக்கா கடந்து வந்தாள். கத்தவில்லை.

"அங்க நான் யாரோ ஒருத்தர் கையைப் புடிச்சிட்டு நின்னேன்."

"கால் தானா வந்துருச்சு."

"கால் மட்டும் வந்துச்சா?"

அவர் குழந்தையின் தலையைத் தோளில் சரிசெய்தார். அந்தப் பக்கம் நின்றால் தன் முதுகுக்குப் பின்னால் இந்தப் பக்கம் காலியாவது தெரிகிறது, அது தெரிந்துவிட்டால் எதிரில் எது எழும்பினாலும் கண்ணில் விழாது என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். அக்கா அந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். கழற்றிப் போட்ட செருப்புகள், மடியில் வாளியோடு கண்ணை மூடியிருந்த ஒரு பெண், கம்பிக்கு அப்பால் யாரும் பார்க்காத கடல். நீண்ட நேரம் பார்த்தாள். வாளிக்காரியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விலக்கிவிட்டாள்.

"இது நல்ல வேலைதான். நான் இல்லைன்னு சொல்லலை," என்றாள். "ஆனா நான் கேட்டது வேற. வேலைக்கு வரேன்னு நாளைக்கு அந்த ஆலைக்காரங்ககிட்ட சொல்லிடறேன்."

தாய் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனபிறகும் அவர் கைகள் குழந்தை வைத்திருந்த வாக்கிலேயே இருந்தன. கரைக்குத் திரும்ப வேண்டிய நேரம் நெருங்குகிறது, இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று கேப்டன் சொல்லி அனுப்பினார். படகு வட்டமடித்து மறுபடி அடங்கியது. கடல் மறுபடி உறங்கியது. அக்கா இடது பக்கம் போகவில்லை. எந்தப் பக்கமும் போகவில்லை.

"இடது பக்கம். தாயும் குட்டியும். மெதுவா, மெதுவா" என்றாள் மைக் பெண். யார் மெதுவாகப் போனார்கள்?

அவர் கால் ஒன்று வலது பக்கமாக எழுந்தது. அதைப் பாதியில் நிறுத்தினார். முகத்தில் வேர்த்துவிட்டது. இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். படகின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் எடை சமமாக விழுகிற இடம் பார்த்து, உபரி லைஃப் ஜாக்கெட் அடைத்த மரப்பெட்டி ஒன்றைத் தரையோடு திருகாணி போட்டு வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு உயரம். அதன்மேல் யாரும் ஏறக்கூடாது. ஏறினவர்களை எல்லாம் இத்தனை வருடமாகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர் அவர்தான். விறுவிறுவென்று போய் அதன்மேல் ஏறி நின்றார். பூப்போட்ட சட்டைக்குள் நெஞ்சு ஏறி இறங்கியது. குனிந்து கையை நீட்டினார்.

"வாங்க."

அக்கா பெட்டியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டு ஏறினாள். பெட்டி முனகியது. நான் பக்கத்தில் போய் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டேன், அதனால் என்ன ஆகிவிடப் போகிறதோ தெரியவில்லை.

மேலே நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். வலது பக்கம், சீட்டுக் கிழிக்கிறவர், வாளிக்காரி, காலி பெஞ்சு. அவர் முதலில் அதைத்தான் பார்த்தார். பிறகு இடது பக்கம், வழக்கப்படி குதிகால்களைப் பார்த்தார். பிறகு அக்கா தன் கையால் அவர் தாடையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிவிட்டாள், பாரம் தூக்குகிறவள் போல.

தலைகளுக்கு அப்பால் தண்ணீர் பச்சையாக வெளுத்து வந்தது. அதற்குள் நீளமாக, வெள்ளையாக ஒன்று திரும்பியது. தாயின் பக்கத்துடுப்பு அது. அதன்மேல் குட்டி சாய்ந்திருந்தது. அவசரமே இல்லை. கரிய முதுகு கடலை விட்டு வந்துகொண்டே இருந்தது, முடியும் என்று தோன்றும்போதும் முடியாமல். மூச்சு விட்டது. ஈரமான, கனத்த, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் விடுகிற மாதிரியான மூச்சு. அதன் தூறல் காற்றில் வந்து எங்கள்மேல் இறங்கியது. குட்டியும் அதைப் போலவே சின்னதாக ஒன்று விட்டது. கீழே அத்தனை குதிகால்களும் எழுந்து நின்றிருந்தன. மேலே பார்த்தேன். பெட்டியின் மேலும் நான்கு குதிகால்கள் எழுந்திருந்தன.

வால் நிமிர்ந்தது. நீர் வடிந்தது. உள்ளே போனது. போன இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல வட்டமாக வழவழத்து நின்றது.

"எதிர்க்கட்சித் தலைவரே, பெட்டிமேல ஏறக்கூடாது," என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் காதில் விழவில்லை போல. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல எனக்கும் ஏதாவது வேலை இருக்குமான்னு கேட்டுப் பாருங்க," என்றார்.

"அங்க கடல் இல்லைங்க."

"பஸ் இருக்கும்ல. அதுலயும் எல்லாரும் ஒரே பக்கமா தொங்குவாங்க."

அக்கா சிரிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிடித்திருந்த பெட்டி குலுங்கினபோதுதான் தெரிந்தது.

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்தே கேக்கறேன்," என்றாள். "ஆகாதுன்னா, இங்கயே இருப்போம். என் ராத்திரி வேலை நேரத்தை மாத்தறதை மட்டும் விடுதியில நான் பேசிக்கறேன்."

மைக் பெண் இரண்டாவது தடவையும் இறங்கச் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் கண்டிப்பாக. அக்கா கீழே குனிந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு வரட்டும், இறங்கறோம்னு போய்ச் சொல்லுங்க."

பெட்டியை விட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல், நான் போய்ச் சொன்னேன்.